எமிலியோ கெட்டுப்போன இடம்

"நாலாவது எபிசோட்லதான் அவன் கெட்டான்" என்று அழகுமுத்து அண்ணன் சொன்னதும் நான் கையிலிருந்த பருப்பு வடையைக் கீழே வைத்துவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டே சண்டை போடுகிற பழக்கம் எனக்கில்லை. இரண்டையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று நினைப்பவள் நான்.

ஹட்டன் டவுனில் நான் வேலை செய்கிற வக்கீல் சேரின் ஒஃபிஸ் மேல்மாடியில் இருக்கிறது. அதற்குக் கீழே மர்சூக் நானாவின் ஃபோன் கடை. கடைக்கு முன்னால் அழகுமுத்து அண்ணன் ஆட்டோவை நிறுத்தியிருப்பார். மத்தியானம் பன்னிரண்டரைக்கு நான் சோற்றுப் பார்சலோடு இறங்கி வந்தால் மூன்று பேரும் உடைந்த ஃபோன்களுக்கு நடுவில் உட்கார்ந்து 'உப்புத்துறை' பற்றிப் பேசுவோம். அது எந்த நாட்டு நாடகம் என்று எங்களுக்கு இன்றுவரை தெளிவில்லை. தமிழில் டப் செய்திருப்பதால் அந்த ஊர் வெள்ளைக்காரர்கள் எல்லாரும் மதுரைப் பக்கம் பிறந்தவர்கள் மாதிரியே பேசுவார்கள். முதலில் வந்த ஐந்து சீசனில் எமிலியோ என்றொரு வக்கீல் வருவான். கடத்தல்காரர்களுக்குச் சட்டம் சொல்லித்தருகிறவன், பெற்ற தாயைக்கூட விலை பேசுகிறவன். கடைசியில் ஒரு மீன் குளிரறைக்குள் யாரும் தேடாமல் செத்துக் கிடப்பான். இப்போது வருவது அதற்கு இருபது வருடத்துக்கு முந்தைய கதை. இரவல் கோட்டுப் போட்டுக்கொண்டு, துறைமுகத்துக் கூலிகளுக்காகக் காசு வாங்காமல் பேசுகிற சின்னப் பையன் எமிலியோ. அவன் எங்கே போய் முடியப்போகிறான் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு வாரமும் அவன் தப்பித்துவிடுவான் என்று எதிர்பார்த்தவள் நான் ஒருத்திதான்.

நாலாவது எபிசோட் விஷயம் இதுதான். விடுதி நடத்துகிற ஒரு விதவையின் மேல் கொலைக்குற்றம். அவள் செய்யவில்லை, அது பார்க்கிற நமக்கும் தெரியும், எமிலியோவுக்கும் தெரியும். ஆனால் துறைமுகக் காவல்காரனின் பெட்டிக்குள் ஒரு ஃபோட்டோ இருக்கிறது. கொலை நடந்த சாயங்காலம் அவள் பாலத்துப் பக்கம் நிற்கிற ஃபோட்டோ. தற்செயலாக நின்றவள்தான், ஆனாலும் நீதிபதி பார்த்தால் அவள் தொலைந்தாள். எமிலியோ அதை எடுத்து அடுப்பில் போடுகிறான். அவள் விடுதலையாகி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். நானும் அழுதேன், சொல்வதற்கு என்ன வெட்கம்.

"அவன் செஞ்சது நல்லதுக்கு அண்ணே. ஒரு அப்பாவிப் பொம்பளயக் காப்பாத்துனது கெட்டுப்போறதா?"

"காப்பாத்தட்டும். அதுக்கு எதுக்கு நெருப்புல போடணும்? கோர்ட்ல பேசிக் காப்பாத்தக் கூடாதா? வக்கீல் தானே."

மர்சூக் நானா ஃபோனைத் திறந்துவைத்து, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, எங்கள் பக்கம் திரும்பாமலே சொன்னார். "ரெண்டு பேரும் பிழ. அவன் மொத எபிசோட்லயே கெட்டவன்தான் தங்கச்சி. அந்தக் கோட்டப் போட்டுக்கொண்டு கண்ணாடியில பார்த்தான் பாருங்க, அப்பவே எனக்கு வெளங்கிட்டுது. கண்ணாடிய அவ்வளவு நேரம் பாக்கிற மனிசன நான் கடன் குடுக்கவும் நம்பமாட்டேன்." கண்ணாடி பார்ப்பது குற்றமென்றால் ஹட்டனில் பாதிப்பேரை உள்ளே போட வேண்டும் என்று நான் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தார்.

அப்படி ஒரு மத்தியானத்தில்தான் மீனம்மா மாமி மேலே படியேறிப் போவதைப் பார்த்தேன். ஒவ்வொரு படிக்கும் முழங்காலைக் கையால் அழுத்தி அழுத்தி ஏறினார். நான் வடையை விட்டுவிட்டு ஓடினேன்.

மாமி எங்கள் லயத்துக்காரர். லயம் என்பது தோட்டத்துக் குடும்பங்களுக்காக வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைகள், காம்பரா என்போம். கொட்டகலையிலிருந்து உள்ளே போகிற தோட்டம் எங்களுடையது. எங்கள் காம்பராவுக்கும் அவர் காம்பராவுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் என் அம்மா ராசம்மா வெந்நீர் வைப்பார். மாமி முழங்கால் வலியில் இரண்டு வருடத்துக்கு முன் கொழுந்தெடுப்பதை விட்டு நின்றுவிட்டார். அவர் வீட்டுக்காரர் செல்லசாமி மாமா கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடிகளை இடுப்பளவுக்குக் கத்தியால் வெட்டி விடுகிற வேலை. மூன்று வாரத்துக்கு முன் மலையில் குளவி கொட்டிச் செத்துப்போனார். முகம் வீங்கி ஆளே தெரியவில்லை. அவர்களுக்கு ஒரே மகள், சுலக்ஷனா, கந்தப்பளைத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஆக இப்போது அந்தக் காம்பராவில் தோட்டத்தில் வேலை செய்கிறவர் யாரும் இல்லை. வேலை செய்கிறவர் இல்லாத காம்பராவைத் தோட்டம் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் விலக்கு. வேலையில் செத்தவரின் பெண்சாதியை லயத்திலிருந்து எழுப்புவதில்லை. அது எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை, அப்பன் பாட்டன் காலத்திலிருந்து தோட்டத்தில் நடந்துவருகிற வழக்கம். மாமா வேலையில் சாகவில்லை என்று தோட்டம் சொன்னது. அதைத்தான் நுவரெலியாவில் ஒரு அதிகாரி விசாரிக்கப்போகிறார். அவர் என்ன சொல்கிறாரோ அதன்படி நடப்பதாகத் தோட்டத்துத் துரையும் ஒப்புக்கொண்டிருந்தார். மாமி அந்தக் காம்பராவில் இருப்பாரா மாட்டாரா என்பது அந்த ஒரு கேள்வியில் நின்றது.

எங்கள் சேர் தோட்டத்துச் சனங்களின் கேஸ்களை முகம் கோணாமல் எடுக்கிறவர். "சத்தியக்கடதாசி ஒண்டு எழுதுங்க லோஜினி. அம்மா சொல்றத அப்படியே எடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் கோர்ட்டுக்குப் போனார். மாமியின் வாக்குமூலத்தைத் தமிழில் கேட்டு, சிங்களத்தில் டைப் பண்ணி, திருப்பி வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவது என் வேலை. எங்கள் லயத்திலிருந்து ஒஃபிஸ் வேலைக்குப் போன முதல் பெண் நான். சிங்களம் டைப் பண்ணத் தெரிந்த காரணத்தால் கிடைத்த வேலை. அதில் எனக்கு இருந்த கர்வத்தைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

மாமி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து சொன்னார். "பன்னண்டரைக்குச் சோறு கொண்டு போனேன் தாயி. அவரு கணக்கு வெட்டி முடிச்சுட்டு கத்தியத் தொடச்சுக்கிட்டு இருந்தாரு. சாப்புடுங்கன்னேன். மொதல்ல மிலாறக் கட்டிப்புடுவோம், மழ வரும்போல இருக்குன்னாரு. காட்டோரமா நல்லா காஞ்சது கெடந்துச்சு. அதப் புடிச்சு இழுத்தாரு. அதுக்கு அடியிலதான் கூடு இருந்திருக்கு. என்னய ஓடு ஓடுன்னு கத்துனாரு. நான் எங்க ஓடுறது, இந்தக் காலோட. துண்டத் தூக்கி எம்மேல போட்டுட்டு அவரு அந்தப் பக்கமா ஓடுனாரு."

மிலாறு என்பது கவ்வாத்து வெட்டும்போது விழுகிற தேயிலைக் கிளைகள். காய்ந்தால் நின்று எரியும். எங்கள் லயத்தில் எல்லா அடுப்பும் அதில்தான் எரிகிறது. கவ்வாத்துக்காரர்களுக்குக் கொடுத்த கணக்குச் செடியை வெட்டி முடித்தால் அன்றைய நாட்சம்பளத்துக்குப் பேர் விழுந்துவிடும். அதன்பிறகு ஆளுக்கொரு கட்டு மிலாறு கட்டித் தலையில் வைத்துக்கொண்டு இறங்குவார்கள். அன்றைக்கு மற்றவர்கள் இறங்கிவிட்டார்கள். மாமா மட்டும் சோற்றுக்காக நின்றிருக்கிறார்.

நான் டைப் பண்ணிக்கொண்டே வந்து மிலாறு என்கிற இடத்தில் நின்றுவிட்டேன். எனக்கு ஏழு வயதிருக்கும்போது அம்மா தலையில் மிலாற்றுக் கட்டோடு வருகிறார், நான் பின்னால் வருகிறேன். காவல்காரன் மறித்து, தோட்டத்துச் சாமானைத் திருடுகிறாயா என்று கட்டைப் பிடுங்கி மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் தள்ளினான். அம்மா அவனை "சாமி, சாமி" என்று கூப்பிட்டார். அந்த ஆள் அன்றைக்குக் குடித்திருந்தானா, அம்மாவோடு ஏதும் கோபமா, எனக்குத் தெரியாது. ஆனால் மிலாறு என்றால் களவு என்று எனக்குள் ஆணி அடித்த மாதிரி ஏறிவிட்டது. படித்தேன், சிங்களம் கற்றேன், சட்டப் புத்தகங்களைத் தூசி தட்டி அடுக்கினேன், அந்த ஆணியை மட்டும் பிடுங்கிப் பார்க்கவில்லை. வேலை முடிந்து தோட்டத்து விறகைத் திருடப்போன இடத்தில் செத்தான் என்று எதிர்ப்பக்கம் சொல்லும், மாமி காம்பராவும் போய் மாமா பேரும் கெட்டுப்போகும் என்று நினைத்தேன். அதனால் 'என் கணவர் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த வேளையில்' என்று டைப் பண்ணினேன். ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. எமிலியோ அடுப்பைத் திறந்தபோது வயலின் எல்லாம் வாசித்தார்கள். எனக்கு ஃபேன் சத்தம்கூட இல்லை, ஹட்டன் குளிருக்கு ஃபேன் எதற்கு.

பிறகு வாசித்துக் காட்டினேன். இருப்பதை அப்படியே வாசித்தால் மாமி விடமாட்டார், இல்லையே தாயி, மிலாறுல்ல இழுத்தாரு என்பார். பொய் சொல்லச் சொன்னால் அவருக்கு வராது, நாக்குக் குழறும். ஆகவே தாளைப் பார்த்துக்கொண்டே தாளில் இல்லாததை வாசித்தேன். அவர் சொன்ன மாதிரியே, மிலாறும் மழையும் துண்டுமாக. துண்டு என்ற இடத்தில் மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, தமிழில் தன் பெயரை எழுதினார். கீழ்த்தெருவில் இருக்கிற சமாதான நீதவான் ஐயா முத்திரை குத்துவதற்கு முன், "வாசிச்சுக் காட்டினதா அம்மா?" என்று கேட்டார். "காட்டுச்சுங்கய்யா, நான் சொன்னத ஒரு எழுத்து விடாம எழுதியிருக்கு" என்றார் மாமி.

சேர் பின்னேரம் அதைப் படித்தார். "வெட்டிக்கொண்டு இருக்கேக்கயா நடந்தது? நான் வேற மாதிரிக் கேள்விப்பட்டேன். அப்படியெண்டா கேஸ் லேசு" என்றார். அவர் முகம் தெளிந்ததைப் பார்த்து எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. மறுநாள் மர்சூக் நானா கடையில் எமிலியோவுக்காக நான் பேசிய பேச்சுக்கு அழகுமுத்து அண்ணன் இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

விசாரணையில் காகிதத்தை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். விசாரணைக்கு நுவரெலியா போகிற வழியில் காரின் பின்சீட்டில் மாமி என் பக்கத்தில் உட்கார்ந்து, எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு வந்தார். அவருக்குக் கார் ஒத்துக்கொள்ளாது. சேர் முன்னாலிருந்து, "அம்மா, கடதாசியில இருக்கிறதத்தானே சொல்லுவீங்க?" என்று கேட்டார். "ஆமாங்கய்யா, அதேதான்" என்றார் மாமி. அப்போது நான் சொல்லியிருக்கலாம். நானு ஓயா தாண்டும்வரை நேரம் இருந்தது. மாமியின் காதில் மட்டுமாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கத் திறக்க அவமானமாக இருந்தது. இந்தப் புள்ள பொய் எழுதியிருக்கே என்று மாமி ஒரு பார்வை பார்த்தால் தாங்கமாட்டேன் என்று தோன்றியது. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

தோட்டத்தின் வக்கீல் இளம் வயது, மரியாதையான ஆள். மொழிபெயர்ப்பாளர் மூலமாகக் கேட்டார். நீங்கள் சோறு கொண்டுபோனபோது உங்கள் கணவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்றார். மாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். மாமா செத்த பிறகு அவரைப் பற்றி இவ்வளவு பொறுமையாக யாரும் அவரிடம் கேட்டதில்லை. கத்தியைத் துடைத்ததிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். மிலாற்றுக் கட்டு எந்தப் பக்கம் கிடந்தது என்று கையால் காட்டினார். அந்த வக்கீல் குறுக்கே பேசவேயில்லை. முடிந்ததும் சத்தியக்கடதாசியை எடுத்து, இதில் கவ்வாத்து வெட்டும்போது என்று சத்தியம் பண்ணியிருக்கிறீர்களே, எதற்கு அம்மா பொய்ச் சத்தியம் பண்ணினீர்கள் என்று கேட்டார்.

மாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் இல்லை. படித்த பிள்ளை எழுந்து இதைச் சரிசெய்துவிடும் என்று இருந்தது. "அந்தப் புள்ளைகிட்ட கேளுங்கய்யா, அதுதான் எழுதுச்சு. மிலாறுன்னுதான் வாசிச்சுச்சு" என்றார். சேரும் திரும்பினார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைச் சிங்களத்தில் கேட்டார், எழுதியதை எழுதியபடியே இவருக்கு வாசித்துக் காட்டினாயா என்று.

"கியெவ்வா சேர்" என்றேன். வாசித்தேன் ஐயா. எழுதியபடியேதான் வாசித்தேன். யோசித்துச் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் என் வாய்க்குள் காத்துக்கொண்டு இருந்திருக்கிறது, கேட்டதும் வெளியே வந்தது, அவ்வளவுதான். அதிகாரி எழுதிக்கொண்டார். மொழிபெயர்ப்பாளர் அதை மாமிக்குத் தமிழில் சொன்னார். மாமி தன் கைகளைப் பார்த்தார்.

"அப்ப நான்தான் வெளங்காம கேட்டுட்டேன் போல" என்றார்.

திரும்பும்போது தலவாக்கலையில் சேர் காரை நிறுத்தித் தேத்தண்ணி வாங்கினார். மாமி இறங்கவில்லை. கடை வாசலில் நின்று சேர் சொன்னார். "சனம் ஏன் லோஜினி இப்படிப் பயப்படுது? மிலாறு எண்டு மொதலே சொல்லியிருந்தா நான் அத வெச்சே பேசியிருப்பேன். அது கவ்வாத்துக்காரருக்குத் தோட்டம் விட்டுக் குடுத்திருக்கிற உரிமை. நேரமும் வேலை நேரம், மலையும் தோட்டத்து மலை. பழைய தீர்ப்பு ஒண்டுகூட எடுத்து வெச்சிருந்தேன். நல்ல கேஸ்." அவர் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார். "இனி அந்த மனிசி என்ன சொன்னாலும் எடுபடாது. பொய்க்காரி எண்டு எழுதியாச்சு."

நல்ல கேஸ் என்ற அந்த இரண்டு வார்த்தை அன்றைக்கு என் வயிற்றில் விழுந்தது, இன்னும் அங்கேதான் கிடக்கிறது. உண்மையே போதுமானதாக இருந்திருக்கிறது. லயத்தில் பிறக்காத எவளாவது அந்த நாற்காலியில் இருந்திருந்தால் மிலாறு என்பதை வெறும் மிலாறாகவே டைப் பண்ணியிருப்பாள், மாமி காம்பராவும் தங்கியிருக்கும்.

தீர்ப்பு வர ஆறு வாரம் ஆனது. இறப்பு வேலையின்போது நேர்ந்ததல்ல, மனுதாரர் நம்பத்தகுந்தவரல்ல. காம்பராவைக் காலி பண்ணத் தோட்டம் ஒரு மாதத் தவணை கொடுத்தது. அந்த நாட்களில் நான் சேரிடம் சொல்வதற்காக இரண்டு தரம் அவர் அறை வாசல்வரை போனேன். ஒருதரம் அவர் ஃபோனில் இருந்தார். மறுதரம் சும்மாதான் இருந்தார், நான்தான் ஃபைல் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். லயத்தில் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் மாமி என் அம்மாவிடம் சொல்வது கேட்கும். "ஒம் மக எவ்வளவோ பாடுபட்டுச்சு ராசம்மா. நான்தான் அங்க போய் ஒளறிக் கெடுத்துட்டேன். புள்ளைக்கு ஆஃபிஸ்ல எதும் சொல்லிருப்பாங்களோ என்னவோ." அம்மா ஆறுதல் சொல்வார். நான் தலையோடு போர்த்திக்கொண்டு படுத்திருப்பேன், லீவு நாளில் நடுப்பகலிலும்கூட.

அந்த மாதம்தான் பன்னிரண்டாவது எபிசோட் வந்தது. ஃபோட்டோ காணாமல் போனதற்காக அந்தக் காவல்காரனை வேலையை விட்டு நிறுத்திவிடுகிறார்கள். ஒருநாள் எமிலியோ புதுக் கோட்டில் நடந்து போகிறான். அந்தக் காவல்காரன் தெருவோரம் உட்கார்ந்து பூட்டு சாவி விற்கிறான். எமிலியோ ஒரு நொடி நிற்கிறான். பிறகு ரோட்டைத் தாண்டி அந்தப் பக்க நடைபாதையில் போய்விடுகிறான். அவ்வளவுதான்.

"இங்கதான்" என்றார் மர்சூக் நானா. அன்றைக்கு லென்ஸைக் கழற்றிவிட்டே பேசினார். "கண்ணாடிக் கதைய நான் வாபஸ் வாங்கிறேன். ஃபோட்டோவ எரிச்சதையும் மன்னிச்சிடலாம் தங்கச்சி, நீங்க சொன்ன மாதிரி நல்லதுக்கு எண்டு வைப்போம். அந்த ரோட்டத் தாண்டினான் பாருங்க. அவன் அங்கதான் முடிஞ்சான்."

"தாண்டாம என்ன செய்யச் சொல்றீங்க நானா?" என்றார் அழகுமுத்து அண்ணன். "போய் ஒக்காந்து, ஐயா நான்தான் எரிச்சேன்னு சொல்லவா? சொன்னா அந்த ஆளுக்கு வேல திரும்பக் கெடச்சுருமா? இவனுக்கும் போகும். ரெண்டு பேருமா பூட்டு விக்க வேண்டியதுதான்."

"சொல்லியிருக்கணும்."

"சொல்லி?"

"சொல்லி ஒண்டும் இல்ல. அப்பிடியும் சொல்லியிருக்கணும்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எமிலியோ கட்சிக்காரி நான், என் முறை. "அவன் கெட்டா நமக்கென்ன நானா, அது வெறும் நாடகம்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு மேலே போனேன். மர்சூக் நானா பின்னாலிருந்து, என்ன நடந்த இந்தப் புள்ளைக்கு என்று கேட்டது காதில் விழுந்தது. அதற்குப் பிறகு நான் மத்தியானச் சோற்றை மேலேயே சாப்பிட்டேன்.

தவணை முடிகிற நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாமியின் மருமகன் ஜெயகாந்தன் கந்தப்பளையிலிருந்து ஒரு சின்ன லொறி பிடித்துக்கொண்டு வந்திருந்தார். அங்கேயும் ஒற்றைக் காம்பராதான், ஏற்கெனவே ஆறு பேர். மாமியைச் சேர்த்தால் ஏழு. மாமி எங்கே படுப்பார் என்று யாரும் கேட்கவில்லை. லயத்துச் சனம் வந்து தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிக்கொடுத்தது. நானும் போனேன். அரிசி வாளி, அம்மி, பிளாஸ்டிக் கதிரை ஒன்று, மாமா மலைக்குக் காலில் போட்ட சப்பாத்து. கவ்வாத்துக் கத்தியைத் தோட்டம் முன்பே கேட்டு வாங்கிவிட்டது. சுவரில் மாட்டியிருந்த மாமாவின் படத்தை மாமி கழற்றி என் கையில் கொடுத்தார். அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டது. "இத நீ வச்சிரு தாயி, லொறில போட்டா ஒடஞ்சு போகும். நான் முன்னால ஏறி ஒக்காந்ததும் எம் மடியில குடு" என்றார்.

காம்பராவுக்குள் நாங்கள் இரண்டு பேர்தான் நின்றோம். சுவரில் புகைபடியாத ஒரு சதுரம் வெள்ளையாகத் தெரிந்தது. நான் படத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னேன். "மாமி, அந்தக் கடதாசில வெட்டிக்கிட்டு இருந்தாருன்னு எழுதுனது நான். நீங்க மிலாறுன்னுதான் சொன்னீங்க. நான்தான் மாத்தி எழுதிட்டேன்."

மாமிக்கு முதலில் அது ஏறவில்லை. தரையில் கிடந்த சாக்குத் துண்டை மடித்துக்கொண்டே, "எழுதுனா என்ன தாயி. நீ நல்லதுக்குத்தான எழுதியிருப்ப. படிச்ச புள்ள" என்றார். பிறகு மடிப்பதை நிறுத்தினார்.

"எனக்கு வாசிச்சப்ப மிலாறுன்னுதான வாசிச்ச?"

"ஆமா மாமி."

"அங்கன ஐயா கேட்டப்ப?"

நான் கையிலிருந்த படத்தைப் பார்த்தேன்.

"நான் வெளங்காம கேட்டுட்டேன்னு நெனச்சேனே. ரெண்டு மாசமா அதத்தான் நெனச்சுக்கிட்டே கெடக்கேன். சோறு தண்ணி எறங்கல. மண்டையில எதும் கோளாறோ, அவரு செத்ததே சரியா ஞாவகம் இல்லையோன்னு." அவர் குரல் உயரவில்லை. சொல்லிச் சொல்லித் தனக்கே விளங்கவைத்துக்கொள்கிற மாதிரி இருந்தது. "அப்ப நான் சொன்னதுதான் சரி. அவரு மிலாறுதான இழுத்தாரு?"

"ஆமா மாமி. நீங்க சொன்னது எல்லாம் சரி."

சேரிடம் சொல்கிறேன், திரும்ப மனுப்போடலாம், நான் வந்து உண்மையைச் சொல்கிறேன் என்றெல்லாம் நான் தொடங்கினேன். எதுவும் நடக்காது என்று எனக்கும் தெரியும். காம்பராவைக் கொடுப்பதற்குத் தோட்டத்தில் ஏற்கெனவே வேறு ஆள் பார்த்துவிட்டார்கள். மாமி கேட்டுக்கொண்டிருக்கவில்லை. சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே போனார். தோட்டத்துக் கிளார்க் நீட்டிய தாளில் கையெழுத்து வைத்தார், என்ன எழுதியிருக்கிறது என்று யாரையும் கேட்கவில்லை. என் அம்மா கட்டிக்கொண்டு அழுதார். மாமி அம்மாவின் முதுகைத் தடவிவிட்டார், என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஜெயகாந்தன் கைகொடுத்து ஏற்றிவிட, மாமி முன்சீட்டில் உட்கார்ந்தார். நான் படத்தோடு லொறிப் பக்கம் போனேன். தூறத் தொடங்கியிருந்தது. கண்ணாடியில் தண்ணீர் படாமல் படத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தேன். என்னைப் பார்த்ததும் மாமி கதவைத் திறந்தார். அந்த முழங்காலோடு, யார் உதவியும் இல்லாமல், ஒரு காலை மெதுவாகக் கீழே வைத்து இறங்கி வந்தார். என் கையிலிருந்து படத்தை வாங்கினார். நான் பிடித்திருந்த இடங்களில், கண்ணாடியின் இந்த ஓரமும் அந்த ஓரமும், என் விரல்கள் பதிந்திருந்தன. முந்தானையை இழுத்து அதை ஒவ்வொன்றாகத் துடைத்தார். எல்லாம் போன பிறகுதான் திரும்பவும் ஏறினார்.